பாப்பாவைத் தரையில் விடுங்கள்!

போன ஆவணி மாதம் என் அக்காவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். அக்கா மகள் அப்போது மூன்று மாதக் கைக்குழந்தையோடு தாய்வீட்டில் இருந்தாள். கட்டுப் போட்ட கண்ணோடு அக்கா குழந்தையைக் குளிப்பாட்டி, ராக்கண் விழிக்க முடியுமா? "ஒரு மாசம் நீ பாத்துக்கடி" என்று தாயையும் பிள்ளையையும் உறையூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்பி வைத்தாள்.

வந்த மூன்றாம் நாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டித் தலை துவட்டும்போதுதான் கவனித்தேன். குட்டிப் பயலின் பின்மண்டை வலது பக்கம் சப்பையாக இருந்தது. முகமும் எப்போது பார்த்தாலும் வலது பக்கமே திரும்பியிருந்தது. இடது பக்கமாகத் திருப்பி வைத்தால், கையை எடுத்ததும் பழையபடி வலது பக்கம் போய்விடும். பெற்றவளிடம் கேட்டேன். "ஆமா சித்தி, கொஞ்ச நாளா இப்படித்தான். எனக்கும் பயமாத்தான் இருக்கு. யார்கிட்டயும் சொல்லல" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

என் அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. கொள்ளுப் பேரனை ஒரு பார்வை பார்த்தார். "உரம் விழுந்திருக்கு. எடுத்தா சரியாப் போயிடும்" என்றார். உரம் எடுப்பது என்றால் நம் சகோதரிகளில் பலருக்கும் தெரிந்திருக்கும். குழந்தையைப் புடவையில் போட்டு, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். முறத்தில் போட்டுப் புடைப்பது போல அசைப்பவர்களும் உண்டு. இரண்டு தெரு தள்ளி அதில் கைதேர்ந்த ஒரு அம்மாள் இருக்கிறார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா ஆள் அனுப்பிவிட்டார்!

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எதிர்த்துப் பேசத் தைரியம் வரவில்லை. "உன்னையும் உன் அக்காவையும் உரம் எடுக்காமலா வளத்தேன்? நீங்க என்ன கெட்டா போயிட்டீங்க?" என்று அம்மா கேட்டால் என்ன பதில் சொல்வது? சின்னப் பெண்தான் வாயைத் திறந்தாள். "பாட்டி, கழுத்து விஷயம். டாக்டர்கிட்ட காட்டாம யாரும் தொட வேண்டாம்." அம்மா இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

குழந்தை மருத்துவர் நிதானமாகப் பார்த்தார். தலை, கண், இடுப்பு மூட்டு, கை கால் எல்லாவற்றையும் சோதித்தார். "பிள்ளை நல்ல ஆரோக்கியமா இருக்கான். இடது பக்கக் கழுத்துத் தசை கொஞ்சம் இறுகியிருக்கு, அவ்வளவுதான். பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்க" என்று எழுதிக் கொடுத்தார்.

முகம் போவது வலது பக்கம், இறுக்கம் இடது பக்கமா என்று எனக்குக் குழப்பம். காதுக்குப் பின்னாலிருந்து மார்புக்கூட்டின் மேலே, கழுத்தெலும்பு வரை ஒரு தசை இறங்குகிறதாம். இடது பக்கத் தசை இறுகினால், தலை இடது தோளை நோக்கிச் சாயும். முகம் வலது பக்கம் திரும்பும். முகம் ஒரே பக்கம் இருந்தால், பிஞ்சு மண்டை அந்தப் பக்கமே படுக்கையில் அழுந்திச் சப்பையாகிறது. மண்டை சப்பையானதும், தலை இன்னும் சுலபமாக அந்தப் பக்கமே உருண்டு போகிறது. ஒன்றை ஒன்று வளர்த்துவிடுகிறது. ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் பெரும்பாலும் பயிற்சியிலேயே சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

ஆனாலும் பிசியோதெரபி என்ற சொல் வீட்டில் எல்லோரையும் பயமுறுத்திவிட்டது. பக்கவாதம் வந்தவர்களுக்கும், கால் ஒடிந்தவர்களுக்கும் செய்வதாயிற்றே! பச்சைக் குழந்தைக்கு என்ன செய்வார்கள்? கரண்ட் வைப்பார்களோ? அன்று இரவு அக்கா மகள் தூங்கவே இல்லை.

மறுநாள் போனால், அந்த அறையில் இயந்திரம் எதையும் காணோம். தரையில் ஒரு பாய் விரிப்பு, ஒரு கிலுகிலுப்பை, சுருட்டி வைத்த துண்டு, ஒரு கண்ணாடி. பிசியோதெரபிஸ்ட் அம்மாள், அவருக்கும் முப்பது வயதுதான் இருக்கும், தானும் தரையில் உட்கார்ந்துகொண்டு குழந்தையைவிட எங்களைத்தான் அதிகம் கேள்வி கேட்டார். தூளி எங்கே தொங்குகிறது? இரவில் அம்மா எந்தப் பக்கம் படுக்கிறாள்? எந்தக் கையில் வைத்துப் பால் கொடுக்கிறாள்? விளக்கும் ஜன்னலும் எந்தப் பக்கம்? பதில் சொல்லச் சொல்ல எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. கட்டில் சுவரோரம். இடது பக்கம் வெறும் சுவர். அம்மாவின் முகம், ஜன்னல் வெளிச்சம், வந்து போகிற ஆட்கள் எல்லாமே வலது பக்கம். பாவம், குழந்தை சுவரையா பார்த்துக்கொண்டிருப்பான்?

கடைசியாக அவர் கேட்டது: "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் குழந்தையைத் தரையில விடுறீங்க?"

நானும் அக்கா மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தரையிலா? எறும்பு கடிக்கும், ஈரம் ஏறும் என்று அம்மா இறக்கவே விடுவதில்லை. தூளி, மடி, தோள், யாரோ பரிசாகக் கொடுத்த ஆட்டும் நாற்காலி. பொழுதெல்லாம் இவற்றிலேயே போய்விடும். தாங்கித் தாங்கி வளர்க்கிறோம் என்றுதான் நினைத்திருந்தோம். தன் கழுத்தைத் தானே தூக்கிப் பார்க்க அவனுக்கு ஒரு சந்தர்ப்பமும் கொடுக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அவர் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது, குழந்தை விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட விடுவது. முதலில் தாயின் மார்பிலேயே குப்புறப் படுக்க வைக்கலாம். தாய் முகத்தைப் பார்ப்பதற்காகவே தலையைத் தூக்கும். பிறகு தரையில் விரிப்பு போட்டு, மார்புக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, கைகள் இரண்டும் முன்னால் இருக்கும்படி விடலாம். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிஷம் போதும். ஒரு நாளில் பல தடவை. துணி மாற்றியதும் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. பால் குடித்த உடனே மட்டும் வேண்டாம், கக்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அறிவுரையில், இன்னும் நகரத் தொடங்காத குழந்தைகளை விழித்திருக்கும்போது நாளைக்கு மொத்தம் 30 நிமிஷமாவது இப்படிக் குப்புற விடச் சொல்லியிருக்கிறார்கள். நாற்காலியிலோ தள்ளுவண்டியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

படுக்கையிலும் மாற்றம் செய்தோம். ஒரு நாள் தலை இந்தப் பக்கம், மறுநாள் கால் இருந்த பக்கம். அப்படியானால் ஜன்னலையும் அம்மாவையும் பார்க்க அவன் இடது பக்கம் திரும்பியே ஆக வேண்டும். கிலுகிலுப்பையை வலது பக்கம் ஆட்டி, அவன் கண் அதைப் பிடித்துக்கொண்டதும் மெல்ல இடது பக்கம் கொண்டு போக வேண்டும். கழுத்துத் தசையை நீட்டிவிடுகிற ஒரு பிடியும் உண்டு. அதை அக்கா மகளின் கையைப் பிடித்தே மூன்று தடவை பழக்கினார். அந்தப் பிடியை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது படித்துச் செய்கிற காரியமல்ல, நேரில் பழகிக்கொள்ள வேண்டியது.

முதல் நாள் குப்புறப் போட்டதும் நாற்பது எண்ணுவதற்குள் வீடே அதிரும்படி கத்தினான். "பச்சப் புள்ளைய மூச்சு முட்ட வைக்கிறாளுங்க!" என்று அம்மா கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். பிறகு நானே அவன் எதிரில் குப்புறப் படுத்து, முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பேச ஆரம்பித்தேன். வேலை முடிந்து வந்த என் பெரிய மகன் வாசலிலேயே நின்று, "அம்மா, நீ எப்போ தவழப் போறே?" என்று கேட்டான். சிரித்தால் சிரிக்கட்டும். நாலாம் நாள் ஒரு நிமிஷம் தாங்கினான். இரண்டு வாரத்தில் முழங்கையை ஊன்றி, ஆமை மாதிரி தலையைத் தூக்கி வீட்டைப் பார்வையிட்டான்.

இதில் ஒரு வேடிக்கை. நம் வீட்டுப் பாட்டிமார்கள் இதைச் செய்யாமலா இருந்தார்கள்? காலை நீட்டி உட்கார்ந்து, அந்தக் கால்கள் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகில் எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவார்களே, அது என்ன? தினமும் பத்து நிமிஷம் கழுத்துக்கும் தோளுக்கும் கிடைக்கிற பயிற்சிதானே! இதை நான் அம்மாவிடம் சொன்னேன். அதன் பிறகுதான் அவர் முகத்தில் சிரிப்பே வந்தது. எண்ணெய் தேய்ப்பதை டாக்டரும் தடுக்கவில்லை. இதமாகத் தேய்த்தால் நல்லதே என்றார். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கை ஊதி எடுப்பது, கை கால்களை முறுக்கி இழுப்பது, தலையை உருண்டையாக்க அமுக்குவது, இவற்றை மட்டும் அறவே விட்டுவிடச் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைத்தமிழ் படித்தோமே, நினைவிருக்கிறதா? அதில் செங்கீரைப் பருவம் என்று ஒன்று. ஐந்தாம் மாதத்தில் குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுகிற பருவம். அந்தக் காலத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேன். இப்போது குட்டிப் பயல் அதையே என் கூடத்தில் செய்து காட்டும்போதுதான், பாடியவர்கள் குழந்தையை எத்தனை நேரம் தரையில் விட்டுப் பார்த்திருப்பார்கள் என்று புரிந்தது.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். குப்புறப் போடுவது விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டுமே. தூங்க வைப்பது எப்போதும் மல்லாந்துதான். குப்புறத் தூங்கும் குழந்தைகளுக்குத் தூக்கத்திலேயே திடீர் மரணம் ஏற்படும் ஆபத்து அதிகம் என்று கண்டறிந்து, 1990-களில் பல நாடுகளில் மல்லாந்து தூங்க வைக்கும்படி பிரசாரமே செய்தார்கள். அதன் பிறகு அந்த மரணங்கள் பெரிதும் குறைந்தன. மல்லாந்தே இருப்பதால் வருகிற தலைச் சப்பைக்கு, விழித்திருக்கும் நேரத்துக் குப்புற விளையாட்டு மாற்று. தூளியைவிடச் சமமான, கெட்டியான படுக்கையே நல்லது என்றும் டாக்டர் சொன்னார். தூளியில் மோவாய் மார்பில் மடங்கும், துணி முகத்தில் மூடும், உடம்பு ஒரே வளைவில் கிடக்கும். தூளியைக் கழற்ற அம்மாவோடு நடந்த யுத்தத்தைச் சொன்னால் இந்த இதழே போதாது.

இனி, வீட்டுக்கு வருகிறவர்கள் விடாமல் கேட்கிற கேள்விக்கு வருவோம். "இன்னும் குப்புற விழலையா? எங்க பேத்தி மூணு மாசத்துலயே விழுந்துட்டாளே! இன்னும் தவழலையா?" இந்தக் கேள்வியால் எத்தனை இளம் தாய்மார்கள் சோறு இறங்காமல் தவிக்கிறார்கள்! நானும் தவித்தவள்தான். என் சின்னவன் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே ஒரு காலைத் துடுப்பு மாதிரி போட்டுத் தள்ளிக்கொண்டு வீடெல்லாம் சுற்றினான். ஒருநாள் எழுந்து நின்றான், நடந்தான். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளை மாதாமாதம் பார்த்து, 2006-ல் கணக்கு வெளியிட்டது. பிடிப்பின்றி உட்காருவது ஏறக்குறைய 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள்; கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5-லிருந்து 13½ மாதத்துக்குள்; தானாக நடப்பது 8-லிருந்து 17½ மாதத்துக்குள். பார்த்தீர்களா, எவ்வளவு பெரிய இடைவெளி! நூற்றுக்கு நான்கு குழந்தைகள் என் சின்னவனைப் போலத் தவழாமலே நடந்திருக்கிறார்கள். அத்தனையும் நல்ல ஆரோக்கியமான குழந்தைகள்.

அதற்காகக் குழந்தை தானே வளரும், நாம் சும்மா இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழக்கத்துக்கும் பங்கு உண்டு. கென்யாவில் கிப்சிகிஸ் என்ற இனத்தவர் குழந்தைகளை உட்காரப் பழக்க, மண்ணில் சின்னக் குழி தோண்டித் துணி வைத்து அதில் உட்கார வைப்பார்களாம். நடக்கவும் கைபிடித்துப் பழக்குவார்கள். அந்தக் குழந்தைகள் உட்காருவதிலும் நடப்பதிலும் மேல்நாட்டுக் குழந்தைகளைவிட முந்திக்கொண்டன, பழக்காத தவழ்தலில் முந்தவில்லை என்று 1976-ல் சார்லஸ் சூப்பர் என்ற ஆராய்ச்சியாளர் எழுதினார். நாம் இடம் கொடுத்ததைத்தான் குழந்தை பழகுகிறது.

பழக்குகிறேன் என்று நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். 2003-ல் என் பெரியவனுக்கு ஒன்பது மாதம். சக்கரம் வைத்த வட்ட வாக்கர் ஒன்று வாங்கி உள்ளே உட்கார வைத்தேன். சீக்கிரம் நடப்பான், நானும் நிம்மதியாகச் சமைக்கலாம் என்ற நப்பாசை. குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். கடகடவென்று சத்தம். திரும்புவதற்குள் அவன் நிலைவாசல் தாண்டி, திண்ணைப் படிகளில் வாக்கரோடு உருண்டிருந்தான். நெற்றியில் மூன்று தையல். அந்தத் தழும்பு இன்றும் அவன் புருவத்துக்கு மேல் இருக்கிறது. அவன் மறந்துவிட்டான்; தலை வாரும்போதெல்லாம் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷமே, 2004-ல், கனடா நாட்டில் இந்த வாக்கரை விற்பதையே தடை செய்துவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். படியில் விழுவது மட்டுமல்ல, அடுப்பு, கொதிநீர், மேஜைவிரிப்பு எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் கைக்கு எட்டிவிடும். அதில் உட்காரும் குழந்தை நுனிக்காலால் உந்துகிறது. தன் காலைத் தானே பார்ப்பதில்லை, உடம்பைத் தாங்கிச் சமன் செய்யப் பழகுவதும் இல்லை. சீக்கிரம் நடக்க அது உதவுவதில்லை என்றே ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

நம் பழைய மர நடைவண்டி வேறு. அதில் குழந்தை உள்ளே உட்காருவதில்லை. தன் காலில் தானே நின்று, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. நிற்கத் தெரிந்த குழந்தைக்கு, பக்கத்தில் ஆள் இருந்தால், அது நல்ல விளையாட்டு. வீட்டுக்குள் செருப்பு, ஷூ எதுவும் வேண்டாம். வெறும் பாதம்தான் தரையைப் பற்றும்.

விழுமே என்று பயப்படுகிறீர்களா? விழத்தான் செய்யும். நியூயார்க்கில் காரன் அடால்ஃப் என்ற பேராசிரியை, ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயது வரையான குழந்தைகள் விளையாடுவதை எண்ணிப் பார்த்து 2012-ல் எழுதினார். சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 அடிகள் எடுத்து வைத்து, 17 தடவை விழுந்தார்களாம்! நமக்கு அப்படி விழுந்து எழ முடியுமா? தரையில் கூர்மையான பொருள் இல்லாமல், படிக்கட்டுக்குத் தடுப்பு போட்டுவிட்டு விட வேண்டியதுதான்.

ஆனால் "எல்லாம் தானா வரும்" என்று சும்மா இருந்துவிடக் கூடாத அடையாளங்களும் இருக்கின்றன. நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, கை எந்நேரமும் இறுக மூடியே இருக்கிறது, உடம்பு விறைப்பாக அல்லது துவண்டு கிடக்கிறது, தூக்கினால் கால்கள் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்கின்றன. ஒன்பது மாதமாகியும் பிடிக்காமல் உட்காரவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை. இவற்றில் எதைக் கண்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால், "வலது கைக்காரன்" என்று பெருமைப்படாமல் மற்ற கையைக் காட்டிப் பார்த்துவிடுங்கள். செய்துகொண்டிருந்ததைக் குழந்தை மறந்துபோனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. குறைமாதக் குழந்தைக்கு மட்டும் கணக்கு வேறு. இரண்டு மாதம் முன்னால் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் என்றால், நான்கு மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும். வசதி இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். 2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் கீழ், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்க மாவட்ட அளவில் தனி மையங்கள் இருக்கின்றன. பிசியோதெரபியும் அங்கே இலவசம். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள்.

குட்டிப் பயல் ஒரு மாதம் முடிந்து அக்கா வீட்டுக்குப் போனான். அங்கேயும் பயிற்சியை விடவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை என்று பிசியோதெரபிஸ்டிடம் போய்வந்தார்கள். ஆறாம் மாதம் கழுத்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்புகிறது, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பின்மண்டைச் சப்பை மெல்ல மெல்ல உருண்டு வருகிறது. உற்றுப் பார்த்தால் எனக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் தெரியும்.

பொங்கலுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். எட்டு மாதப் பிள்ளையைக் கூடத்தில் இறக்கி விட்டதுதான் தாமதம், வயிற்றாலேயே ஊர்ந்து அம்மாவின் கட்டிலுக்கு அடியில் போனான். வெற்றிலைப் பெட்டியை இழுத்துக் கவிழ்த்தான். அக்கா ஓடிப் போய்ப் பாக்கையும் சுண்ணாம்பையும் அள்ளினாள்.

"இவனை முதல்ல தூக்குங்கடி!" என்று அம்மா சத்தம் போட்டார்.

"பெட்டியைத் தூக்கி மேலே வைங்க பாட்டி. இவன் கீழேயே இருக்கட்டும்" என்றாள் அக்கா மகள்.